சோற்றை மாற்றுமுன் ஒரு சொல்

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் நாற்பத்தாறு வயதுடைய ஒருவரை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். நாகரசம்பட்டிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர். இரவுப் பணியின்போது அவர் உடல் முழுதும் வியர்த்து, கைகள் நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. உடன் பணியாற்றியவர்கள் முதலில் தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருக்கிறார்கள். நல்வேளையாக அப்போது அவர் கை இயந்திரத்தின் மீது இல்லை. பரிசோதித்தபோது இரத்தச் சர்க்கரை 42 மில்லிகிராம். நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்விழித்து, "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவர் எட்டாண்டுகளாக என்னிடம் சிகிச்சை பெறுபவர். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் ஆகிய இரு மருந்துகளைத் தவறாமல் உட்கொள்பவர். என்ன நடந்தது என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன். "நீங்க சொன்னபடிதாங்க டாக்டர், சோறே தொடறதில்ல. பொண்ணு பெங்களூர்ல இருந்து ஏதோ வெள்ள நூடுல்ஸ் வாங்கியாந்து குடுத்தா. பத்து நாளா ராத்திரிக்கு அதுதான். மாத்திரைய ஒரு வேளைகூட வுடலைங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. சோற்றைக் குறையுங்கள் என்று ஒவ்வொரு வருகையின்போதும் சொன்னவன் நான். மாத்திரையை ஒருபோதும் விடாதீர்கள் என்று சொன்னவனும் நானே. அவர் இரண்டையும் கேட்டார். இந்த இரு அறிவுரைகளும் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளை நூடுல்ஸ் என்பது என்ன?

அதன் பெயர் ஷிராடாகி. ஜப்பானிய மொழியில் 'வெள்ளை அருவி' என்று பொருள். கொன்ஜாக் என்னும் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படுவது. கொன்ஜாக் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் சந்தைகளில் கிடைக்கும் சேனைக்கிழங்கும் அதுவும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயினும் உறவு அவ்வளவோடு முடிகிறது. சேனையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. உண்டால் சர்க்கரையாக மாறும். கொன்ஜாக்கில் இருப்பதோ குளுக்கோமன்னான் என்னும் நார்ச்சத்து. அதனை நம் சிறுகுடலால் செரிக்க இயலாது. ஆகவே ஷிராடாகிக்குப் பதிலாகச் சேனைக்கிழங்கை வேண்டியமட்டும் உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

கொன்ஜாக் மாவை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு நீர் சேர்த்துக் கெட்டிப்படுத்தி, இழைகளாகப் பிழிந்தால் ஷிராடாகி. நூறு கிராமில் ஏறக்குறைய 97 கிராம் நீர். எஞ்சியது பெரும்பாலும் நார். அதில் கிடைக்கும் ஆற்றல் பத்துக் கலோரி அளவே. ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 200 கலோரியும் 45 கிராம் மாவுப்பொருளும் உள்ளன என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்டவர் வயிறு நிறைந்ததாக உணர்கிறார். இரத்தத்திலோ சர்க்கரை ஏறுவதில்லை. அதன் சிறப்பும் ஆபத்தும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

இவ்வுணவை நான் பழிக்கவில்லை. குளுக்கோமன்னானை நாளொன்றுக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன் ஒன்றிரண்டு தம்ளர் நீருடன் உட்கொண்டால், கலோரி குறைந்த உணவுமுறையோடு சேர்ந்து எடை குறைய உதவும் என்பதை 2010-ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. எடை மிகுந்தவர் வாரத்தில் சில வேளை சோற்றுக்குப் பதிலாக இதை உண்பதில் தவறில்லை. ஆனால் இது மருந்தன்று. முழு உணவும் அன்று. இதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். இரும்புச்சத்தையும் உயிர்ச்சத்துகளையும் இதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

உணவு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டும்

நீரிழிவு மருந்துகள் எல்லாம் ஒரே வகையில் வேலை செய்வதில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நீங்கள் உண்டீர்களா, என்ன உண்டீர்கள் என்று அவை பார்ப்பதில்லை. ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் அப்படியே. நீங்கள் வழக்கமாக உண்ணும் சோற்றையோ களியையோ கணக்கில் கொண்டே அவற்றின் அளவை நாங்கள் எழுதித் தருகிறோம். அந்தச் சோறு திடீரென்று நின்றுபோனால், எழுதித் தந்த அளவு மிகுதியாகிவிடுகிறது; சர்க்கரை தாழ்கிறது. இரவுப் பணியில் உடல் உழைப்பும் சேர்ந்துகொண்டால் இன்னும் விரைவாகத் தாழ்கிறது.

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் முதலிய புதிய மாத்திரைகளை உட்கொள்பவருக்கோ வேறோர் எச்சரிக்கை உண்டு. அவர்கள் மாவுப்பொருளை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் பெருகக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். கருவியில் சர்க்கரை இயல்பாகக் காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருப்பது உயிருக்கே தீங்காக முடியலாம்.

உணவை மாற்ற நினைப்பவர் மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டுவது இதனால்தான். அனுமதி கேட்பதற்காக அன்று; மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வதற்காக. அதே வேளையில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் கூடாது.

இங்கே மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் இன்று பலருக்கு வீடு தேடி வருகின்றன. அது பெரும் நன்மை. ஆனால் மாத்திரை வீடு தேடி வரும்போது, அந்த வீட்டில் சமையல் மாறியிருக்கிறதா என்ற கேள்வியும் உடன் வர வேண்டும். மருத்துவமனையில் நாங்கள் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறோம், "சாப்பாட்டில் ஏதேனும் மாற்றினீர்களா?" என்று கேட்பது அரிது. அந்த விடியற்காலைக்குப் பிறகு நான் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்கிறேன்.

யார் தவிர்க்க வேண்டும்?

கொன்ஜாக் நார் நீரை ஈர்த்துப் பருக்கும் இயல்புடையது; எளிதில் கரையாதது. கொன்ஜாக் சேர்த்த சிறுகோப்பை ஜெல்லி மிட்டாய்கள் தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால், 2003-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. நூடுல்ஸ் அந்த அளவுக்கு ஆபத்தானதன்று. எனினும் சிறு குழந்தைகள், பல்லில்லாத முதியோர், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோர் ஆகியோருக்கு இதனைக் கொடுக்க வேண்டாம். குடல் அறுவை செய்துகொண்டவர்களும், நீண்டநாள் நீரிழிவால் இரைப்பை மெதுவாக இயங்குபவர்களும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. செரியாத நார் திரண்டு அடைப்பை உண்டாக்கக்கூடும். கொன்ஜாக்கைப் பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்கி விழுங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மற்ற மாத்திரைகளை இவ்வுணவோடு சேர்த்து விழுங்கினால் அவை உடலில் சேர்வது தடைப்படலாம். ஒரு மணி நேரம் முன்பாகவோ நான்கு மணி நேரம் கழித்தோ உட்கொள்வது நன்று.

சமைக்கும் முறை

பொட்டலத்தைத் திறந்ததும் மீன்வாடை போன்ற ஒரு நாற்றம் வரும். கெட்டுப்போனது என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். சுண்ணாம்பு நீரில் இருந்ததால் வருவது அது. நீரை வடித்து, வடிதட்டில் இட்டு, குழாய் நீரில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அலசுங்கள். பின் கொதிநீரில் மூன்று நிமிடம் வேகவைத்து வடியுங்கள். அடுத்து, எண்ணெய் விடாத வாணலியில் இட்டு, ஈரம் வற்றும்வரை வறட்டுங்கள். இதனைத் தவிர்த்தால் எத்தனை மசாலா சேர்த்தாலும் சப்பென்றே இருக்கும். கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால் மெல்லவும் விழுங்கவும் எளிது.

அதன் பிறகு நம் கைப்பக்குவந்தான். கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, பீன்ஸும் முட்டைக்கோசும் வதக்கிச் சேர்க்கலாம். முட்டை, வேகவைத்த கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை ஆகியவற்றுள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். புரதம் அதிலிருந்துதான் வரும். நீரிழிவு மருந்து உண்பவர் முதலில் முழுத்தட்டையும் மாற்றாமல், வழக்கமான சோற்றில் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதிக்கு இதனைச் சேர்ப்பது பாதுகாப்பானது. உண்ணும்போது நன்றாக மென்று, போதிய நீரும் அருந்துங்கள்.

களியின் கணக்கு

"அப்படியானால் நம் களியே போதாதா, டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பொட்டலம் ஷிராடாகியின் விலைக்குப் போச்சம்பள்ளி வாரச்சந்தையில் சில கிலோ கேழ்வரகு வாங்கலாம் என்பது உண்மை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் 11 கிராம் நாரும் இருக்கின்றன. வெள்ளை அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. சத்தைப் பார்த்தால் கேழ்வரகே மேலானது.

ஆனால் களி உண்டால் சர்க்கரை ஏறாது என்னும் நம்பிக்கை நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது, அது சரியன்று. நூறு கிராம் அரிசியில் மாவுப்பொருள் 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67 கிராம். வேறுபாடு நாம் நினைப்பதைவிடச் சிறியது. இந்தியரின் உணவு ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2025-இல் தெரிவித்தது. மொத்த மாவுப்பொருளைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவின் அபாயம் குறைவதில்லை என்பதும் அதன் முடிவு. அதே ஆய்வுத் தொடர் 2023-இல் நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. இரண்டு உருண்டைக் களியை ஒன்றாக்கி, எஞ்சிய இடத்தைக் கீரை மசியலாலும் அவரைக்காய்ப் பொரியலாலும் கொள்ளுக் குழம்பாலும் நிரப்புவதே என் பரிந்துரை. அப்படிக் குறைப்பவரும் மருந்தின் அளவைப் பற்றி எங்களிடம் கேட்க வேண்டும். ஷிராடாகிக்குச் சொன்ன விதி களிக்கும், சோற்றுக்கும், விரதத்துக்கும் பொருந்தும்.

உடன் இருப்பவர்களுக்கு

திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, தடுமாற்றமான பேச்சு ஆகியவை தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். கருவி இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே செயல்படுங்கள். கருவி இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்த பின் சிறிது சோறோ இட்லியோ உண்ணச் செய்யுங்கள். அந்நேரத்தில் ஷிராடாகி உதவாது. அதில் சர்க்கரை இல்லை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அம்மருந்தின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மீண்டும் தாழக்கூடும்.

அந்த இயந்திரப் பணியாளர் இப்போது நலமாக இருக்கிறார். கிளிமிபிரைடின் அளவைப் பாதியாகக் குறைத்தோம்; முதல் இரண்டு வாரம் நாள்தோறும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவந்தார். வாரத்தில் இரண்டு இரவு ஷிராடாகி, முட்டையும் கொண்டைக்கடலையும் சேர்த்து. மற்ற இரவுகளில் ஓர் உருண்டைக் களி. சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடமும் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்தில் நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது.

அடுத்த முறை வரும்போது மருந்துச்சீட்டோடு இன்னொரு தாளையும் கொண்டுவாருங்கள். ஒரு வாரமாக மூன்று வேளையும் என்ன உண்டீர்கள் என்பதை அதில் எழுதியிருங்கள். எழுத இயலாதவர்கள் வீட்டில் சமைப்பவரை உடன் அழைத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகே மருந்து எழுதுவேன்.