உருகினால்தான் வெல்டிங்கா?

"வெல்டிங் என்றால் என்ன?" என்று களியக்காவிளை சந்தைப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ராடு வச்சு, பளீர்னு உருக்கி ஒட்டுறது" என்பார்கள். கேட், கிரில் அடிக்கிற பட்டறைக்காரர் அப்படிச் சொன்னால் தப்பில்லை, அவர் தொழில் அது. ஆனால் நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்துவிட்டு வருகிற பையனும் அதையேதான் சொல்கிறான். அதுதான் கொடுமை!

இத்தனைக்கும் பாடத்தில் இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்கள் இரண்டிலும், உற்பத்தித் தொழில்நுட்பம் முதல் தாளின் இரண்டாம் அலகில் 'உராய்வு வெல்டிங்' என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அது வகுப்பில் ஒரு படம், பரீட்சையில் ஒரு கேள்வி. அத்தோடு சரி.

சரி, விஷயம் என்ன? இரண்டு உருண்டைக் கம்பிகள். ஒன்று வேகமாகச் சுற்றுகிறது, மற்றொன்று சுற்றாமல் அதன் முகத்தில் அழுந்துகிறது. உராய்வில் இரண்டு முனைகளும் பழுத்து, மெழுகுபோல் இளகுகின்றன. அந்த நேரத்தில் சுற்றலைச் சட்டென்று நிறுத்தி, இன்னும் பலமாக அழுத்த வேண்டும். துருவும் அழுக்கும் இளகிய உலோகத்தோடு வெளியே பிதுங்கி ஒரு வளையமாக நிற்கும். உள்ளே சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்ளும். சிறிய கம்பிகளுக்குச் சில விநாடிகளே போதும். ராடு, ஃப்ளக்ஸ், கேஸ் எதுவும் வேண்டாம். உலோகம் உருகுவதே இல்லை!

உருகாததுதான் இதன் பலம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில். இரண்டையும் உருக்கிக் கலந்தால் நொறுங்குகிற கலவை வரும். உராய்வு வெல்டிங்கில் அந்தக் கலவைக்கு வளர நேரம் கிடைப்பதில்லை, அதனால் இரண்டும் நன்றாக ஒட்டும்.

"இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்பது முதல் சாக்கு. கேரளத்துக்குள் நுழைய களியக்காவிளையில் ஊர்ந்து நகர்கிற லாரிகளைப் பாருங்கள். அவற்றில் பலவற்றின் எக்ஸாஸ்ட் வால்வு ஒரே உலோகம் அல்ல. தலைக்குச் சூடு தாங்குகிற ஒரு எஃகு, தண்டுக்குத் தேய்மானம் தாங்குகிற வேறொரு எஃகு. இரண்டையும் ஒட்டுவது உராய்வு வெல்டிங்தான். மார்த்தாண்டம், குழித்துறை பக்கமிருந்து வளைகுடாவுக்கு வெல்டராகப் போனவர்கள் எத்தனை பேர்! அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற குழாயின் உடலையும், அதன் மரை போட்ட முனையையும் ஒட்டுவதும் இதே முறைதான். நம்மூர் ஆட்கள் வெயிலில் நின்று ஆர்க் பிடித்த அதே பாலைவனத்தில், பூமிக்குள் இறங்கியது உருகாத வெல்டிங்!

"எங்களிடம் மெஷின் இல்லையே" என்பது இரண்டாவது சாக்கு. இதுதான் பெரிய பொய். 1956-ல் சோவியத் நாட்டில் இந்த முறைக்கு உயிர் கொடுத்தவர் யார் தெரியுமா? பேராசிரியர் அல்ல. சூதிகோவ் என்கிற மெஷின் தொழிலாளி. அவர் பயன்படுத்தியது ஒரு லேத். அதே 1956-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. எழுபது வருஷம் ஆகப் போகிறது. லேத் இல்லாத பொறியியல் கல்லூரி ஒன்று இந்த மாவட்டத்தில் உண்டா? மெஷின் இருக்கிறது. மனசுதான் இல்லை.

மூன்றாவது, "ஆபத்து". இதில் மட்டும் நியாயம் உண்டு. அச்சு வழியாக வரும் பலத்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல சாதாரண லேத். பேரிங் கெடலாம், சரியாகப் பிடிக்காத கம்பி தெறிக்கலாம். அதனால் மெல்லிய அலுமினியக் கம்பி, பிரேக் உள்ள லேத், முன்னால் தடுப்பு, பக்கத்தில் ஆசிரியர் என்று ஆரம்பிக்கட்டும். ஆபத்தைக் கையாளக் கற்றுத் தருவதற்குத்தானே ஒர்க் ஷாப்?

ஒட்டியதும் வேலை முடியவில்லை. அதை இழுவை மெஷினில் போட்டு உடைக்க வேண்டும். எங்கே உடைந்தது, ஒட்டிலா, ஒட்டுக்கு வெளியிலா? இன்னொன்றை நீளவாக்கில் அறுத்து, பளபளவென்று தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும், நேரத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? வார்ப்பிரும்பு ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது? (அதிலுள்ள கிராஃபைட் எண்ணெய்போல் வழுக்கிவிடும், உராய்வு எங்கிருந்து வரும்?) இத்தனைக்கும் வேண்டிய கருவிகள் அந்தந்த லேபிலேயே தூசி படிந்து கிடக்கின்றன.

திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களை இணைப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம். ஆனால் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தானே வண்டி போகிறது! :-)

லட்சக்கணக்கில் பீஸ் கட்டுகிற அப்பாக்களில் பாதிப் பேர் ரப்பர் வெட்டியோ, வெளிநாட்டில் வெல்டிங் அடித்தோதான் அதைச் சேர்க்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு படமும் இரண்டு மார்க்கும். பிள்ளைகளே, அடுத்த முறை ஒர்க் ஷாப் வகுப்பில் லேத் முன்னால் நிற்கும்போது வாயைத் திறந்து கேளுங்கள்: "சார், இதில் ஒரு தடவை ஒட்டிக் காட்டுங்களேன்."

அவர் என்ன சொல்கிறார் என்பதிலிருந்து அந்தக் கல்லூரி என்னவென்று தெரிந்துவிடும்.