தோட்டத்துக் கேமராவுக்கு எத்தனை டிபி?

2024 நவம்பர் கடைசியில் சேமலைக்கவுண்டம்பாளையத்துல ஒரே தோட்டத்து வீட்டில் மூணு பேரைக் கொன்னதுக்கு அப்புறம், பல்லடம், காங்கயம் பக்கமெல்லாம் சாளைக்குச் சாளை கேமரா ஏறிருச்சுங்க. நல்லதுதான். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, தோட்டத்துல வயசான ரெண்டு பேர் மட்டும். எங்க பக்கம் இதான் நிலைமை. டவுன்ல இருந்துக்கிட்டு அப்பா அம்மாவுக்குக் கேமரா மாட்டி விடுற பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதறேன்.

"நாலு கேமரா, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்"னு கடையில சொல்லுவாங்க. அதுல எத்தனை நாள் படம் நிக்கும்னு யாரும் கேக்கறதில்லை. கணக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க. நொடிக்கு 1 மெகாபிட் பதிஞ்சா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. 2 மெகாபிக்சல் கேமராவுக்கு எச்.265 முறையில சுமாரா 2 மெகாபிட்னு வைங்க, 21.6 ஜிபி ஆச்சு. நாலு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். ஒரு டிபி பதினொரு நாள்ல ரொம்பிரும். அப்புறம் பழசை அழிச்சுட்டு அது மேலயே புதுசு பதியும். பழைய எச்.264 பெட்டியா இருந்தா ஆறு நாள்கூட நிக்காம போகலாம்.

ஆள் நடமாடினா மட்டும் பதியற மாதிரி வச்சா மிச்சமாகும்பாங்க. குடோனுக்குள்ள சரி. தோட்டத்துல தென்னை மட்டை ஆடினாலும், ராத்திரி பூச்சி பறந்தாலும் அதுக்கு நடமாட்டம்தான். அந்த மிச்சத்தை நம்பக்கூடாது.

கெட்ட எண்ணத்தோட வர்றவன் அன்னைக்கேதான் முதல் தடவையா வருவானா? முன்னாடியே நோட்டம் பாத்துட்டுப் போயிருப்பான். அந்தப் பழைய நாள்தான் வேணும். சேமலைக்கவுண்டம்பாளையம் வழக்குல கைது நடந்ததே 2025 மே மாசம், சிவகிரியில வயசான தம்பதியைக் கொன்னதுக்கு அப்புறம். நடுவுல அஞ்சு மாசத்துக்கு மேல.

போலீஸ் ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாசம் வைக்கணும்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. தோட்டத்துக்கு அவ்வளவு வேண்டாம். 4 டிபி போடுங்க, நாலு கேமராவுக்கு ஒன்றரை மாசம் வரும். மாட்டுக் கொட்டாய்க் கேமராவை விட்டுட்டு மூணோட நிறுத்தினா ரெண்டு மாசம். எனக்கு அதுதான் சரியாப் படுது. கம்ப்யூட்டர் டிஸ்க்கை மாட்டி விட்டுருவாங்க. ராவும் பகலும் எழுதறதுக்குன்னே செஞ்ச கேமரா டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, பெட்டியை டிவி பக்கத்துல வைக்காதீங்க, திருடன் முதல்ல தூக்கறது அதைத்தான். அதுக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருக்கான்னு பாருங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, பெட்டியில இருக்கிற ஆகப் பழைய தேதி எதுன்னு தேடிப் பாருங்க.