ஊடல் வேறு, சாதி ஆணவம் வேறு

பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் நடக்கும் மட்டையடி உற்சவத்தை அப்படியே குறும்படமாக எடுத்தால், அருமையான அபத்த நகைச்சுவை கிடைக்கும். உறையூர் போய்ச் சோழ இளவரசியாகச் சொல்லப்படும் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்ட நம்பெருமாள் திரும்பி வருகிறார். ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறார். இரு தரப்புக்கும் கோயிலார் வாதாடுகிறார்கள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால், உலகைக் காக்க விழித்திருந்ததால் என்கிறது பெருமாள் தரப்பு. பாம்புக் குடத்தில் கைவிட்டுச் சத்தியம் செய்யவும் தயாராம். பாம்பின்மேல் படுத்திருப்பவருக்கு அது ஒரு சத்தியமா என்று பதில் வருகிறது. கடைசியில் நம்மாழ்வார் சமாதானம் செய்துவைக்கக் கதவு திறக்கிறது.

ஆண்டுதோறும் ஆணே மன்னிக்கப்படும் ஆணாதிக்கக் கதைதான் இது. ஆனாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோபப்படுகிறவர் அந்த உறவில் பங்குள்ளவர். அவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். பஞ்சாயத்து பேச வரும் ஆழ்வாரோ, மரபின்படி, நான்காம் வருணத்தில் பிறந்தவர். சுல்தானின் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்கும் இதே கோயிலில் இடமுண்டு. சாதி, மதம் தாண்டிய காதல் கடவுளுக்கு லீலை. மனிதருக்கு?

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் சாமியின் சன்னிதியில், ஓர் ஆணும் பெண்ணும் பேசியதே குற்றமாகிவிட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கொன்றவர்களுக்கு அந்த நட்பில் என்ன பங்கு? எதுவும் இல்லை. அந்தப் பெண்ணைத் தங்கள் சாதியின் சொத்தாக நினைத்தார்கள், அவ்வளவுதான். ஊடலில் கேள்வி கேட்கும் உரிமை பெண்ணுக்கு இருக்கிறது. சாதி ஆணவத்தில் அவளுடைய விருப்பத்தைக்கூட யாரும் கேட்பதில்லை. அப்பா, மாமன், சாதித் தலைவர் என்று காதலுக்கு வெளியே நிற்பவர்களே தீர்ப்பு எழுதுகிறார்கள். இதைப் பெற்றோரின் பாசம், மானம் என்றெல்லாம் பேசும்போது, கொலைக்கு நாம் நல்ல பெயர் சூட்டுகிறோம்.

சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் கொலை நடந்தபின் தண்டிப்பதோடு நின்றுவிடக் கூடாது. மிரட்டல் தொடங்கும்போதே இணையருக்குப் பாதுகாப்பு தர வேண்டும். புகாரை வாங்காமல் பெற்றோரிடமே பெண்ணை ஒப்படைக்கும் காவலரையும் தண்டிக்க வேண்டும். பெருமாளுக்குச் சமாதானம் பேச ஆழ்வார் வருகிறார். மனிதர்களுக்குச் சட்டம்தான் வர வேண்டும்.