அந்தக் கடற்கரைக்குச் சாலை வேண்டாம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்குக் கடற்கரை என்றால் பெரும்பாலும் போர்ட்டிக்சன்தான். கிள்ளானுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தாலும் அங்கே கரையெல்லாம் சேறும் அலையாத்திக் காடும். அதனால் விடுமுறை வந்தால் தெற்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மணலுக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தி, கட்டி வந்த மீகூனைப் பிரிப்போம்.

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் என்றொரு மலைமுனை உண்டு. சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. இதன் எதிரே கடலில்தான் 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் மோதினார்கள். உச்சியில் 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. காரை வெளியே விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஏறி, பிறகு வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாறைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு கடற்கரை. நீர் ஏறினால் மணல் சுருங்கிவிடும். கடை இல்லை, கழிப்பறையும் இல்லை.

கடந்த விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்களோடு போனேன். “இங்கே ஒரு ரோடு போட்டால் என்ன?” என்றான் ஒருவன், மூச்சு வாங்கியபடி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சாலை வந்தால் கார் நிறுத்துமிடம் வரும், அதற்கு மரங்களை வெட்ட வேண்டும். இந்தக் காட்டை நம்பி வரும் விருந்தாளிகள் வேறு இருக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும். இங்கே நீரிணையின் அகலம் சுமார் 38 கிலோமீட்டர்தான். நிலத்தில் எழும் வெப்பக் காற்றில் மிதந்து பழகிய பறவைகளுக்குக் கடல்மேல் அந்த உதவி கிடைக்காது. சிறகடித்தே வர வேண்டும். களைத்துத் தாழப் பறந்து வருபவை முதலில் காண்பது இந்த மரங்களைத்தான்.

நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பாட்டியால் இந்த மலை ஏற முடியாது. ஆனால் காரிலேயே போய் இறங்கும் கரை போர்ட்டிக்சனில் கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறதே!

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றைப் பார்த்து. பாறை இடுக்கில் மெகி கப், மினரல் வாட்டர் பாட்டில்கள். சில கடல் கொண்டு வந்தவையாக இருக்கலாம். மூடியோடு வரிசையாக நின்ற பாட்டில்களைக் கடலா அடுக்கியது? நிறைந்த பாட்டிலைச் சுமந்து இறங்கியவருக்குக் காலி பாட்டில் கனக்கிறதாம்!

மார்ச்சில் போகிறவர்கள் தொலைநோக்கியும் ஒரு குப்பைப் பையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த மாதத்தில் மலேசிய இயற்கைக் கழகம் அங்கே பறவை பார்க்கும் நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். வெயில் ஏறிய பிறகு கலங்கரை விளக்கத்தருகே நின்று மேற்கே பாருங்கள்.