ஆழம் தெரியாமல் டயரை விடலாமா?

பருவ விடுமுறை நெருங்கினால் பல்கலைக்கழக வாட்சப் குழுக்களில் இரண்டு வகை அழைப்புகள் வரும். ஒன்று, கிளந்தான், பேராக், பகாங் உட்பகுதிகளில் உள்ள பூர்வகுடிக் கிராமங்களுக்குத் தன்னார்வச் சேவைப் பயணம். மற்றொன்று, நண்பர்களோடு காட்டுப் பாதையில் ‘ஃபோர் பை ஃபோர்’ உலா. நோக்கம் வேறு, பாதை பெரும்பாலும் ஒன்றுதான். தார்ச்சாலை முடியும்; வெட்டுமர லோரிகள் ஓடும் மண்பாதை தொடங்கும்; எங்கோ ஓரிடத்தில் ஆறு குறுக்கிடும். அங்கே பாலம் இருக்காது.

அந்தக் கரையில் எடுக்கப்படும் முடிவைப் பற்றியே இக்கட்டுரை. நான்கு சக்கர இயக்க வாகனத்தில் ஆற்றைக் கடப்பது துணிச்சலைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறோம். என் கருத்து வேறு. கடக்கலாமா, காத்திருக்கலாமா, திரும்பலாமா என்று நிதானமாக யோசிக்க ஓட்டுநருக்கு நேரமும் உரிமையும் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். மாணவர்களாகிய நாம் போடும் பயணத் திட்டங்களில் அந்த இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.

தண்ணீர் முதலில் திருடுவது எடையை

நான்கு சக்கர இயக்கம் என்றால் எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகிறது என்று பொருள். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். ஆனால், எந்தச் சக்கரமும் தரையைப் பற்ற வேண்டுமானால் வண்டியின் எடை அதன்மேல் அழுந்த வேண்டும். ஆற்றில் இறங்கியதும் நாம் இழப்பது அந்த எடையைத்தான்.

இடைநிலைப்பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. ஒரு பிக்கப் வண்டியில் நீர் எளிதில் புகாத பகுதி தோராயமாக 3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் அடித்தளத்துக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் 540 கிலோ நீர் இடம்பெயரும். 20 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது ஒரு டன்னைத் தாண்டும். 2 டன் வண்டியின் பாதி எடையை இப்போது நீர் தாங்குகிறது. டயர்களின் பிடிப்பும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதோடு நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உண்மையான வாகனங்களை நீரில் நிறுத்திச் சோதித்தார்கள். 2.5 டன் எடையுள்ள நிஸான் பேட்ரோல் ஜீப், 45 சென்டிமீட்டர் ஆழத்தில், மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீரிலேயே நிலைகுலையக்கூடும் என்று கண்டார்கள். அது நாம் மெதுவாக நடக்கும் வேகம். 95 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த வண்டி மிதக்கத் தொடங்கியது.

இப்போது கார் விற்பனைக் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஃபோர்ட் ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் ஆழம்வரை நீரில் இறங்கலாம் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. இதில் பொய் இல்லை. ஆனால், அது வண்டியின் பாகங்கள் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதற்கான அளவு. ஓடும் ஆறு வண்டியை என்ன செய்யும் என்பதற்கான அளவு அன்று. ஸ்நோர்க்கல் குழாய் பொருத்திய வண்டிக்கும் இதே கதைதான். அது எஞ்சினின் மூக்கை உயர்த்தித் தருகிறது. வண்டிக்கு எடையைக் கூட்டித் தருவதில்லை.

கரையில் செய்ய வேண்டியவை

அனுபவமுள்ள ஓட்டுநர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்களின் வேலையில் பெரும்பகுதி, டயர் நனைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள். நீண்ட தூரம் ஓடிய வண்டியின் அச்சுப் பெட்டிகள் சூடாக இருக்கும். அவை திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே நீரை உள்ளே இழுத்துவிடும். அதனால் சற்று ஆறவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆற்றைப் படிக்கிறார்கள். குறுகிய இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். அகன்ற இடத்தில் பெரும்பாலும் ஆழம் குறையும். எதிர்க்கரையில் ஏறும் வழி சரிந்திருக்கிறதா? அடியில் பாறையா, மணலா, சேறா?

பின்னர் ஒருவர் நீண்ட கம்பை ஊன்றிக்கொண்டு, டயர்கள் போகப்போகும் தடத்தில் நடந்து பார்க்கிறார். மனிதன் நிலையாக நின்று நடக்க முடியாத நீரில் வண்டியை இறக்கக்கூடாது என்பது இவர்களின் பொதுவான விதி. நீர் கலங்கிச் சிவந்து, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு வந்தால் நடந்து பார்க்கவே வேண்டாம். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

கடப்பது என்று முடிவானால், இழுவைப் பட்டையைக் கரையிலேயே வண்டியில் மாட்டிவிட வேண்டும். நடு ஆற்றில் கொக்கியைத் தேடுவது உயிரோடு விளையாடுவதாகும். சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். நீர் புகுந்தால் மின்சாரச் சன்னல் வேலை செய்யாமல் போகலாம். ‘லோ ஃபோர்’ நிலையில், முதல் அல்லது இரண்டாம் கியரில், ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். நடுவில் கியரை மாற்றவோ கிளட்சை மிதிக்கவோ கூடாது. அப்படிச் சீராகப் போகும்போது வண்டியின் முன்னால் ஓர் அலை எழும். அதன் பின்னே எஞ்சின் பகுதியில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். டிக்டாக்கில் பாராட்டு வாங்கும், இருபுறமும் நீர் சிதறும் பாய்ச்சல் இதற்கு நேர் எதிரானது. வேகமாகப் பாய்ந்தால் நீர் முன்மூடியின்மேல் ஏறி, காற்று உள்ளிழுக்கும் குழாய்க்குள் புகும்.

காற்றை அழுத்தலாம், நீரை அப்படி அழுத்த முடியாது. எஞ்சின் உருளைக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே, ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பக்கூடாது. ஒரு வண்டி எதிர்க்கரையில் முழுமையாக ஏறிய பிறகே அடுத்தது இறங்க வேண்டும். பிக்கப்பின் பின்தட்டில் யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது.

மழை இங்கே இல்லை, ஆறு உயர்கிறது

நம் நாட்டு ஆறுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். நீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் கனமழை பெய்யும்; கீழே வெயில் காயும்; திடீரென்று ஒரு நீர்ச்சுவர் இறங்கி வரும். 2021 ஆகஸ்டு 18-ஆம் நாள் கெடா, குனோங் ஜெராய் மலையிலிருந்து அப்படி இறங்கிய வெள்ளமும் சேறும் மரங்களும் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தன.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். காலையில் முழங்கால் அளவு இருந்த ஆறு மாலையில் இடுப்பளவு ஆகலாம். அதனால், போகும்போது கடந்துவிட்டோம் என்பது, வரும்போதும் கடக்கலாம் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

குவா மூசாங் உட்பகுதிக்கு எங்கள் குழுவினர் சென்றபோது இதை நேரில் பார்த்தேன். எங்களை ஏற்றிச் சென்ற பாக் சிக், ஆற்றங்கரையில் இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டார். ஒரு சிகரெட் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. குச்சியின் அடிப்பாகத்தை நீர் விழுங்கியிருந்தது. “ஆயர் நாயிக்,” என்றார். நீர் ஏறுகிறது. அவ்வளவுதான்; வண்டியைத் திருப்பினார். வண்டி நிறையப் புத்தகப் பைகள் இருந்தன. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி அண்ணே திரும்புவது?” என்று இளைய மாணவர் ஒருவர் எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டார். மறுநாள் கிராமத்தில் நிகழ்ச்சி, அதற்கு அடுத்த நாள் பேருந்து. அட்டவணையில் ஆற்றுக்கென ஒரு மணி நேரம்கூட இல்லை. பாக் சிக் மட்டும் உறுதியாக இல்லாதிருந்தால், அந்த அட்டவணைதான் வண்டியை ஓட்டியிருக்கும்.

“அவர்கள் தினமும் கடக்கிறார்களே?”

இப்படிப் பேசினால் சிலர் கேட்பார்கள்: “கிராமத்து மக்கள் தினமும் கடக்கிறார்கள். ஆசிரியர்களும் தாதியர்களும் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் பயப்படுகிறீர்கள்?”

நியாயமான கேள்விதான். ஆனால், அவர்கள் கடப்பது வேறு வழி இல்லாததால். அத்துடன், அந்த ஆற்றின் ஒவ்வொரு பாறையையும் அறிந்தவர்கள் அவர்கள். நீர் உயர்ந்தால் அவர்களும் காத்திருக்கிறார்கள். 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட ‘பா கூனிங்’ பெருவெள்ளத்தில் உட்பகுதிக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டதை நாடே பார்த்தது. காத்திருப்பு அவர்களுக்குப் பழகிய ஒன்று. நமக்குத்தான் பொறுமை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு ஆற்றைக் கடப்பது ஒரு நாள் சாகசம். படம் எடுத்துப் பதிவிடுகிறோம். அங்குள்ள ஒரு கர்ப்பிணிக்கோ காய்ச்சல் கண்ட குழந்தைக்கோ அதே ஆறு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் சுவர். பாலம் இல்லாததை நாம் வீரக்கதையாக மாற்றிவிட்டால், பாலம் வேண்டும் என்று கேட்கும் குரல் மங்கிப்போகும். உண்மையில் சேவை செய்ய விரும்பும் மாணவர் குழு, திரும்பி வந்ததும் எழுத வேண்டியது அந்தப் பாலத்தைப் பற்றித்தான்.

மூன்று வரிகள் போதும்

மாணவர் இயக்கங்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. அடுத்த பயணத்துக்கான செயல்திட்டத்தில் மூன்று வரிகளைச் சேருங்கள். முதலாவது, ஆற்றங்கரையில் உள்ளூர் ஓட்டுநரின் சொல்லே இறுதி. தலைவரோ ஆலோசகரோ அதை மாற்ற முடியாது. இரண்டாவது, ஒரு நாள் உபரியாக ஒதுக்கப்படும்; அந்நாளுக்கான உணவுச் செலவும் கணக்கில் இருக்கும். மூன்றாவது, ஆற்றைக் கடக்க முடியாவிட்டால் பொருள்களை யாரிடம் ஒப்படைப்பது என்பது கிராமத் தலைவருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்படும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆனால், திரும்பி வருவது தோல்வி அன்று, திட்டத்தின் ஒரு பகுதிதான் என்பதை இந்த மூன்று வரிகளும் எல்லோருக்கும் சொல்லிவிடும். புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையையும் வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தையும் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளுக்கும் இது பொருந்தும். 17 வயதில் உரிமம் எடுக்கப் போகிறீர்கள். தேர்வுத் திடலில் மேட்டில் நிறுத்துவதையும் பக்கவாட்டில் நிறுத்துவதையும் சோதிப்பார்கள். அங்கே ஆறு இல்லை, வெள்ளமும் இல்லை. ஆனால், 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஆற்றைக் காண நாம் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அது சில நேரம் நம் தாமானுக்கே வந்துவிடுகிறது. மேலே சொன்ன அதே ஆஸ்திரேலியச் சோதனையில், ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள சிறிய கார், வெறும் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், அதே மெதுவான நீரோட்டத்தில் நகர்ந்தது. நம் மைவியின் எடையும் ஏறத்தாழ அதுதான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இன்று நம் காலுக்குக் கீழே டயர் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆழம் தெரியாவிட்டால், தெரிந்தாலும் ஓட்டம் வேகமாக இருந்தால், வண்டியைத் திருப்புங்கள். ஓட்டுநர் திருப்பினால், பின் இருக்கையில் இருக்கும் நாம் முணுமுணுக்காமல் நன்றி சொல்வோம்.