பிரீமியம் போடட்டுமா சார்?

ஓசூர் பக்கம் பங்கில் வண்டியை நிறுத்தினால் "எவ்வளவுக்கு சார்?" என்று கேட்பதற்கு முன்பே "பிரீமியம் போடட்டுமா சார்?" என்று வருகிறது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் கணக்குக் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார். சரி என்று தலையாட்டுகிற நம்மவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தொரப்பள்ளியில் என் வயதுக்காரர்கள், பென்ஷனில் மொபெட் ஓட்டுகிறவர்கள், பேரனுக்குச் சத்துமாவு வாங்குவது போல ஆக்டேன் வாங்குகிறார்கள்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சத்தை அளப்பதில்லை. பிஸ்டன் நசுக்கும்போது, பிளக்கின் தீ வந்து சேரும்வரை தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை அளக்கிறது. 1920களில் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல் இது. சுலபத்தில் தானாகப் பற்றாத ஐசோ-ஆக்டேனுக்கு 100, தொட்டால் சிணுங்கியான ஹெப்டேனுக்கு 0. 91 என்றால், சோதனை இன்ஜினில் 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் கலந்த கலவை எப்படி நடக்குமோ அப்படி நடக்கும் என்று பொருள். தாக்குப்பிடிக்காவிட்டால் இன்ஜினுக்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் 'நாக்கிங்' என்பார். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சில். அங்கே இதற்கு 'கிளிக்தி' என்று பெயர். சொல்லைச் சொன்னாலே சத்தம் கேட்கும்.

ஆகவே எவ்வளவு ஆக்டேன் தேவை என்பதை இன்ஜின் எவ்வளவு நசுக்குகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-க்குக் கம்ப்ரஷன் 5.5-க்கு 1. மட்டமான பெட்ரோலிலும் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. அதற்கு நூறு ஆக்டேன் ஊற்றுவது, கஞ்சி குடிக்க வெள்ளிக் கிண்ணம் வாங்கின மாதிரி. 100 சிசி ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் சுமார் 10-க்கு 1. அதற்கும் 91 தாராளம். கம்ப்ரஷன் 12-ஐத் தாண்டுகிற பந்தய சாதி வண்டி வைத்திருக்கும் பேரன் கேட்டால் அது வேறு கதை. அவன் புத்தகத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். காற்று லேசு. கார்புரேட்டர் வண்டிக்கு இங்கே ஆக்டேன் தேவை சென்னையைவிடக் கொஞ்சம் குறைவுதான். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் உங்கள் வண்டி இடித்தால், விலை கூடிய பெட்ரோலுக்குப் போகாதீர்கள். முதலில் மெக்கானிக்கிடம் போங்கள். உள்ளே கரி படிந்திருக்கும், அல்லது டைமிங் முந்தியிருக்கும், அல்லது பிளக் தப்பு.

இப்போது விலைக்கு வருவோம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாரணம் அன்றைக்கு 84-க்குள். விமானத்துக்கா என்று கேட்கத் தோன்றியது. சரி, அதை விடுங்கள், வாங்குகிறவர் வாங்கட்டும். 95-ஐப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது: சாதாரணப் பெட்ரோல் முன்பு 88, பிஎஸ் 6 வந்தபோது 91, இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தபின் 95. அதாவது பிரீமியம் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கும் 95, சாதாரணக் குழாயிலேயே வந்துவிட்டது என்கிறார்கள். மிச்சம் இருப்பது இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து மட்டும். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் இஷ்டம்.

இந்த எத்தனால்தான் என் உண்மையான விஷயம். எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கு மேல். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எண் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, எத்தனாலை எதிர்பார்க்காமல் வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் இ20 போட்டால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று எழுதியிருக்கிறது. பழைய வண்டியின் ரப்பர் வாஷரும் குழாயும் அதைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. கரும்பு விவசாயிக்குக் காசு போகிறது, அந்நியச் செலாவணி மிச்சம். என் மனக்குறை எழுத்தர் வேலை பார்த்தவனின் மனக்குறை: சரக்கில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டாமா? பாரிஸ் பக்கம் இருக்கும் என் மைத்துனர் பெட்ரோல் போடும் இடத்தில், எத்தனால் 10 வரை உள்ளது ஒரு குழாய், 5 வரை உள்ளது இன்னொரு குழாய். 2018 அக்டோபர் முதல் ஐரோப்பா முழுவதும் குழாயின் மூக்கிலேயே வட்டம் போட்டு இ5, இ10 என்று எழுதியிருக்க வேண்டும். வண்டியின் டேங்க் மூடிக்குள்ளும் அதே வட்டம். படிக்கத் தெரியாத கிழவர்கூட வட்டத்தோடு வட்டத்தைப் பொருத்திப் பார்த்துப் போட்டுக்கொள்வார். நான் பெட்ரோல் போடும் பங்குகளில் பிரீமியம் விளம்பரம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. இ20 என்ற எழுத்தை மட்டும் தேட வேண்டியிருக்கிறது.

எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அங்கும் இதே பெட்ரோல்தான், வரி மட்டும் வேறு. 2024 ஜூனில் கர்நாடகம் லிட்டருக்கு 3 ரூபாய் ஏற்றிய பிறகு அந்தப் பக்கம் போய் வருவதில் லாபமும் இல்லை.

பழைய வண்டிக்காரர்களுக்கு இ10 குழாய் ஒன்று மாவட்டத்துக்குச் சில இடங்களிலாவது வேண்டும் என்று பெட்ரோலிய அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வண்டியின் பெயரையும் வாங்கிய வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.