தாதி யார் பக்கம்?

தாதிமை என்றால் என்ன என்று தோட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர், ஊசி போடுவது என்பார்கள். மீதமுள்ள ஒருவர், டாக்டர் சொன்னதைச் செய்வது என்பார். இந்த அரைகுறை எண்ணத்தால் தாதியருக்குப் பெருமைக் குறைவு. ஆனால் உண்மையான நட்டம் நோயாளிக்குத்தான். பாட்டாளிக்கு உடம்பே முதல். உளி பிடிக்கிற கையும் மேடு ஏறுகிற காலும் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். அந்த உடம்பைப் பேணும் தொழில் எது, அதை யார் செய்ய வேண்டும், அவர்களிடம் நாம் எதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரியாமல் இருப்பது, சம்பளச் சீட்டைப் படிக்காமலே கைநாட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஸ்குட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அங்கே குண்டடியால் மாண்ட சிப்பாய்களைவிட நோயால் மாண்டவர்களே அதிகம். அந்த அனுபவத்தோடு நாடு திரும்பியவர், 1859-இல் தாதிமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஒரு வீட்டின் நலத்துக்கு ஐந்து வேண்டும் என்று அந்த நூல் கூறுகிறது: தூய காற்று, தூய நீர், நல்ல வடிகால், துப்புரவு, வெளிச்சம். இந்த ஐந்தில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமா? இல்லை. மலேரியாவால் நம் முன்னோர் லயன் லயனாக மடிந்த காலம் ஒன்று உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்தார்; காடு வெட்டிக் கொசு பெருகும் இடத்தை அழித்தார். காய்ச்சல் தணிந்தது. கொயினா மாத்திரைக்குச் சமமாக மண்வெட்டியும் உயிர் காத்தது. ஆகவே லயனுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடையைப் பற்றித் தாதி ஒருவர் ஆபீசுக்கு எழுதினால், “இது உன் வேலையா?” என்று யாரும் கேட்கக் கூடாது. அது அவருடைய வேலையேதான்.

அடுத்தவர் அமெரிக்கத் தாதி வர்ஜீனியா ஹெண்டர்சன். அனைத்துலகத் தாதியர் மன்றம் 1960-இல் வெளியிட்ட அவரது நூல் தாதிமைக்கு ஒரு விளக்கம் தந்தது. அதன் கருத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: பலமும், மனவுறுதியும், அறிவும் இருந்தால் ஒரு மனிதர் தம் உடம்புக்குத் தாமே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. இம்மூன்றில் எது குறைகிறதோ அதை ஈடு செய்து, அவர் மறுபடியும் தம் காலில் நிற்கும்படி செய்வதே தாதிமை. மரணம் நெருங்கியவருக்கோ, அது அமைதியாக வர உதவுவது.

எவ்வளவு மேலான கருத்து! பலம் இல்லாதவருக்குத் தோள் கொடுப்பது, மனம் தளர்ந்தவரைத் தேற்றுவது, அறியாதவருக்குக் கற்பிப்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். நோயாளியை என்றென்றும் படுக்கையில் வைத்துப் பார்ப்பது அதன் நோக்கமன்று. தொழிற்சங்கமும் இதைத்தானே செய்கிறது?

இக்காலத் தாதியர் கல்வி நான்கு கருத்துகளின்மேல் நிற்கிறது: மனிதர், சூழல், நலம், தாதிமை. மனிதர் என்றால் முழு மனிதர். “ஐந்தாம் நம்பர் கட்டில்” என்பதோ “புண்ணுக் கால்” என்பதோ அவர் பெயரன்று. சூழல் என்றால் அவர் குடியிருக்கும் வீடு, குடிக்கும் தண்ணீர், வேலை செய்யும் நிரை, வாங்கும் கூலி எல்லாமே. நலம் என்றால் நோய் இல்லாமை மட்டுமன்று; வேலைக்கும் வீட்டுக்கும் போதிய தெம்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் செய்வதே நான்காவதாகிய தாதிமை.

செய்யும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆராய்தல், குறையைக் கண்டு சொல்லுதல், திட்டமிடுதல், செய்தல், பலனைச் சரிபார்த்தல் என்று ஐந்து படிகள். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நீரிழிவு உள்ள வெட்டுத் தொழிலாளி ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வருகிறார். நோயைக் கண்டு மருந்து எழுதித் தருவது டாக்டரின் பொறுப்பு. தாதி புண்ணின் அளவையும் ஆழத்தையும் பார்க்கிறார்; காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைக் குறிக்கிறார். பிறகு விசாரிக்கிறார். விடியுமுன்னே வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிரைக்குப் போகிறார் என்பதும், அவருடைய பூட்சுக்குள் தண்ணீர் புகுகிறது என்பதும் அப்போதுதான் வெளியாகின்றன. எப்போது உண்பது, மாத்திரையை எப்போது போடுவது, காலை எப்படித் துடைத்துப் பார்ப்பது என்று சொல்லித் தருகிறார். டாக்டருக்கும் தகவல் கொடுக்கிறார். அடுத்த வாரம் அழைத்துப் புண் சுருங்கியதா என்று பார்க்கிறார். சுருங்கவில்லை என்றால் திட்டத்தை மாற்றுகிறார். இந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் இல்லாமல் போனால் மருந்து மட்டும் மாதக் கணக்கில் ஓடும். முடிவில் கால் போகும்.

மருந்து கொடுப்பதிலும் ஐந்து சரிபார்ப்புகள் உண்டு. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். செய்ததை எல்லாம் ஏட்டில் பதிய வேண்டும். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது தாதியர் பள்ளியில் கற்பிக்கும் பாடம். செக்ரோல் எழுதிப் பழகிய நம் போன்ற கிராணிமார்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒரு நாள் பெயர் விடுபட்டால் ஒரு நாள் கூலி போகும். நோயாளியின் ஏட்டில் ஒரு வேளை விடுபட்டால் போவது கூலியோடு நிற்காது.

இனி, யார் யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். தோட்டத்தில் வெள்ளை உடுப்புப் போட்டவர் எல்லாரையும் டாக்டர் என்றும் மிஸ்ஸி என்றும் அழைத்துப் பழகிவிட்டோம். முற்காலத்தில் டிரஸ்ஸர் ஒருவரே மருந்து கலக்கி, புண் கட்டி, பிரசவத்துக்கும் வழி சொல்லி, சாவையும் பதிந்தார். நல்லவர்கள் பலர் அப்பணியில் இருந்தார்கள். அவர்களால் பிழைத்தவர்களும் பலர். ஆனால் ஒருவர் நல்லவராக அமைவது நம் அதிர்ஷ்டம். தகுதியுடையவராக இருப்பது நம் உரிமை. அந்த உரிமைக்காகத்தான் சட்டங்கள் வந்தன. தாதியர் பதிவுக்கு 1950-இல் சட்டம் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுக்கு 1965-இலும், மருத்துவச்சியருக்கு 1966-இலும், மருத்துவ உதவியாளருக்கு 1977-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பதிவு பெற்ற தாதி ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். படுக்கை விரித்து, உடம்பு துடைத்து, தூக்கி விடும் அட்டெண்டன்மாரின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. ஆனால் அவரை மருந்து கொடுக்கச் சொல்வதும், பிள்ளைக் கொட்டகை ஆயாவைத் தாதியாக நடிக்க வைப்பதும் இருதரப்பாருக்கும் செய்யும் துரோகம். சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பொறுப்பை இறக்கி வைக்கும் இந்த வழக்கம் எங்கே தலைதூக்கினாலும் சங்கம் தட்டிக் கேட்க வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். தோட்டம் சம்பளம் கொடுத்து வைத்துள்ள தாதியோ மருத்துவ உதவியாளரோ யார் பக்கம் நிற்க வேண்டும்?

சம்பளம் கொடுப்பவன் பக்கம் என்பது சிலர் வாதம். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. 1953-இல் அனைத்துலகத் தாதியர் மன்றம் ஒழுக்க நெறி ஒன்றை ஏற்றது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. நலத்தை வளர்த்தல், நோயைத் தடுத்தல், நலத்தை மீட்டல், வேதனையைத் தணித்தல் ஆகிய நான்கும் தாதியின் கடமைகள் என்று அந்நெறி வகுத்துள்ளது. தாதியின் முதற்பொறுப்பு தம் பராமரிப்பு வேண்டியவருக்கே என்றும் கூறுகிறது. ஆள் பற்றாக்குறையைச் சரிக்கட்டுதல் என்று ஐந்தாவது கடமை அதில் எங்கும் இல்லை.

ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நமக்கு நடப்பு தெரியும். பால் அதிகம் இறங்கும் மாதத்தில் நோயாளிப் பட்டியல் நீண்டால் மேலிடத்தின் முகம் சுருங்கும். ஒரு தோட்டத்தில் இன்னாருக்கு இன்ன நோய் என்று பெரட்டுக் களத்திலேயே வாசித்ததை நாம் அறிவோம். ஒரு பெண்ணின் நோய் நாற்பது பேர் காதில் விழுந்தது. அதன்பின் அந்தத் தோட்டத்துப் பெண்கள் மருந்துக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நோய் முற்றிய பிறகுதான் வெளியூருக்குப் போனார்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது ஏதோ நாகரிகத்துக்காகச் செய்யும் உபசாரம் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்கட்டும். இரகசியம் போன இடத்தில் நம்பிக்கை போகும். நம்பிக்கை போன இடத்தில் மருந்தும் பலிக்காது. செக்ரோல் எழுதும் நமக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இன்று வேலைக்குத் தகுதியா, இல்லையா? என்ன நோய் என்பது நம் மேசைக்கு வர வேண்டியதில்லை.

“பொய்யாக நோய் சொல்லி வீட்டில் படுப்பவர்கள் இல்லையா?” என்று மானேஜர்மார்கள் கேட்பார்கள். இருக்கலாம். எல்லா வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து, தாதியை மேஸ்திரியாக்குவதன்று. பயிற்சி பெற்றவர் யாருக்கும் அஞ்சாமல் சோதித்துச் சொன்னால் பொய்யும் தெரியும், மெய்யும் தெரியும். அவர் நிர்வாகத்துக்குப் பயந்து மெய் நோயாளியை நிரைக்கு அனுப்பினால் ஓர் உயிருக்கு ஆபத்து. நமக்குப் பயந்து பொய்ச் சீட்டுக்குத் துணை போனாலும் அந்தத் தொழிலுக்கே கேடு. ஆகவே தாதியை மிரட்டும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை என்று சொல்லும் அதே வாயால், நமக்கும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாட்கள் என்று மருத்துவ விடுப்பை வகுத்திருக்கிறது. அது உண்மையான நோய்க்கு உரிய சேமிப்பு. அதை வீணாக்குபவர் அடுத்த வீட்டு நோயாளியின் பேரில் சந்தேகத்தை வாங்கித் தருகிறார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று தோட்டங்களில் நம்மோடு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கிறார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட மொழி இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு யார் துணை? வாய் இல்லாதவருக்கு வாயாக இருப்பதும் தாதியின் கடமைகளில் ஒன்று. நம் பாட்டன்மார் கப்பலை விட்டு இறங்கிய நாளில் அவர்களுக்கும் இதே நிலைதான். அன்று நமக்குக் கிடைக்காதது இன்று அவர்களுக்காவது கிடைக்கட்டும்.

தாதியிடம் இவ்வளவு கேட்கும் நாம் அவருக்கு என்ன கொடுக்கிறோம்? தாதியும் கூலிக்கு உழைப்பவரே. 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டத்தில் வார வேலை நேரத்தின் உச்சம் 48 மணியிலிருந்து 45 மணிக்கு இறங்கியது. ஆனால் 2024 டிசம்பரில் புதிய பொதுச் சேவை ஊதிய முறை வந்தபோது, முறைவேலை பார்க்கும் அரசாங்கத் தாதியருக்கு 42 மணியை 45 ஆக உயர்த்தும் பேச்சு எழுந்தது. தாதியர் அதை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சோம்பலால் அன்று. இரவு முழுதும் விழித்த கண் மருந்தின் அளவைத் தவறாகப் படித்தால் பாதிக்கப்படுவது நம் வீட்டு நோயாளி. 2023-இல் உலகில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தும் இன்னும் 58 இலட்சம் பேர் குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் கணக்குக் காட்டியது. நம் நாட்டில் பயின்ற தாதியர் பலர் நல்ல ஊதியம் தேடிச் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். போகிறவர்களைக் குறை கூறிப் பயனில்லை. தங்கும்படி கொடுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, தோட்ட மருந்துக் கொட்டகையில் பணிபுரிபவரின் பதிவுச் சான்றிதழ் எல்லாரும் பார்க்கும்படி சுவரில் தொங்க வேண்டும். இரண்டாவது, நோயாளியின் ஏடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். ஆபீசுக்கு வருவது விடுப்புச் சீட்டு மட்டுமே. மூன்றாவது, தண்ணீர், சாக்கடை, குடியிருப்பு பற்றித் தாதியோ மருத்துவ உதவியாளரோ எழுதும் அறிக்கையின் நகல் தோட்டக் கமிட்டிக்கும் கிடைக்க வேண்டும். நான்காவது, தாதிமை பயில விரும்பும் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சங்கம் வழிகாட்ட வேண்டும். ஆண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். பரிவுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது.

இவற்றில் முதல் மூன்றுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு சட்டம், ஒரு பூட்டு, ஒரு நகல், அவ்வளவே. இதைக்கூடச் செய்ய மறுக்கும் நிர்வாகம், பணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தாதி நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது அவருக்குத் துன்பம் வந்தால், நாம் அவர் பக்கம் நிற்க வேண்டும். வரும் கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவரும்படி தோட்டத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.